தேயிலை மாத்திரையும் போர்டிசோமிப் ஊசியும்: கடலூர் வாசகருக்குப் பதில்

கடலூரிலிருந்து 58 வயது வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவருடைய மனைவிக்கு மல்டிபிள் மைலோமா என்னும் எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய் இருப்பது சில மாதங்களுக்கு முன் தெரியவந்தது. புதுச்சேரியில் உள்ள ஒரு மருத்துவமனையில் வாரம் ஒரு முறை வயிற்றுத் தோலுக்கடியில் போர்டிசோமிப் ஊசி போடுகிறார்கள். கூடவே லெனலிடோமைடு, டெக்சாமெத்தசோன் மாத்திரைகளும் உண்டு. நான்காவது மாதத்திலிருந்து அந்த அம்மாவுக்கு உள்ளங்கால் எரிச்சலும் மதமதப்பும் தொடங்கியிருக்கின்றன. இதற்கிடையில் வாட்ஸ்அப்பில் வந்த ஒரு தகவலைப் பார்த்து, ‘கேன்சர் செல்லை மட்டும் தேடி அழிக்கும் மாடிஃபைடு டீ மூலக்கூறு’ என்ற விளம்பரத்துடன் விற்கப்படும் மாத்திரைகளை வாங்கியிருக்கிறார்கள். காலையில் இரண்டு, இரவில் இரண்டு, வெறும் வயிற்றில் என்பது விற்றவர் சொன்ன கணக்கு. இரண்டு வாரம் ஆகிறது. ஊசி போட்ட மறுநாள் வரும் அசதியும் வயிற்றுப்போக்கும் இப்போது குறைந்திருக்கின்றன, கால் எரிச்சலும் சற்றுத் தணிந்திருக்கிறது. ஆனால் சாப்பாட்டைக் கண்டாலே குமட்டல் என்கிறார்.

எம்.எஸ்சி. வேதியியல் படிக்கும் மகன், தேயிலையில் உள்ள ஈஜிசிஜி என்ற பொருளும் போர்டிசோமிப்பும் புற்றுநோய்ச் செல்லில் ஒரே இலக்கைத்தான் தாக்குகின்றன, ஆகவே இரண்டும் சேர்ந்தால் பலன் கூடும் என்கிறாராம். அந்தப் பொருளை அசிட்டைல் ஏற்றம் செய்து, அதாவது அசிட்டைல் என்ற சிறு வேதித் தொகுதியை அதில் ஒட்டி, வீரியப்படுத்திய ஆய்வுகளைக் காட்டி, ‘இதைக் கல்லூரி ஆய்வகத்திலேயே செய்துவிடலாம்’ என்றும் சொல்லியிருக்கிறார். வாசகர் கேட்பவை மூன்று: ஊசியை மூன்று மாதம் நிறுத்திவிட்டு மாத்திரையை மட்டும் கொடுத்துப் பார்க்கலாமா? அந்தப் பொருளை மகன் ஆய்வகத்தில் செய்து கொடுக்கலாமா? மருத்துவரிடம் இதைச் சொன்னால் கோபித்துக்கொண்டு சிகிச்சையை நிறுத்திவிடுவாரா?

அன்புள்ள ஐயா,

உங்கள் மூன்று கேள்விகளுக்கும் விரிவாகப் பதில் சொல்வதற்கு முன், இன்றே செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். மாத்திரையை இன்றிரவு கொடுக்க வேண்டாம். ஊசியை ஒரு வாரம்கூடத் தவறவிட வேண்டாம். நாளைக் காலையிலேயே கல்லீரல் பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்துவிட்டு, சிகிச்சை தரும் மருத்துவருக்குத் தகவல் சொல்லுங்கள். சிறுநீர் கடும் மஞ்சளாகப் போனாலோ, கண் வெள்ளை மஞ்சளித்தாலோ, வலது விலா எலும்புக்குக் கீழே வலித்தாலோ நாளை வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். மஞ்சள் காமாலை என்றதும் கீழாநெல்லியை அரைத்துக் கொடுப்பது நம் வீடுகளில் வழக்கம். இப்போது காரணம் என்னவென்று தெரியும்வரை எதையும் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

‘நல்லா இருக்கு’ என்பதில் உள்ள ஆபத்து

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்தியது குமட்டல் அல்ல. ஊசியின் பக்கவிளைவு குறைந்திருக்கிறது என்று நீங்கள் ஆறுதலோடு எழுதியிருக்கும் அந்த ஒரு வரிதான்.

மைலோமா செல்கள் இடைவிடாமல் புரதம் தயாரிப்பவை. பயன்படாத புரதத்தைச் செல்லுக்குள்ளேயே சிதைத்து அகற்றும் புரோட்டியாசோம் என்ற அமைப்பு இல்லாமல் அவற்றால் தாக்குப்பிடிக்க முடியாது. போர்டிசோமிப் அந்த அமைப்பைத்தான் முடக்குகிறது. அந்த வேலையைச் செய்வது அதன் மூலக்கூறின் முனையில் இருக்கும் ஒரு போரான் அணு. ஈஜிசிஜியும் புரோட்டியாசோமை மட்டுப்படுத்துவதாக 2001-இல் ஆய்வகத்தில் காட்டப்பட்டது உண்மை. உங்கள் மகன் இதைப் படித்துத்தான் அப்படிச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் இரண்டும் ஓரிடத்தில் சேரும்போது நடப்பது வேறு. ஈஜிசிஜியில் அடுத்தடுத்த கார்பன்களில் பக்கம் பக்கமாக அமர்ந்திருக்கும் ஹைட்ராக்சில் (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் இணைந்த) தொகுதிகள் உண்டு. போர்டிசோமிப் போன்ற போரான் அமிலங்களுக்கு இத்தகைய ஜோடிகள் என்றால் தனி ஈர்ப்பு. புரோட்டியாசோமைப் பிடிக்க வேண்டிய போரான், வழியிலேயே தேயிலை மூலக்கூறைப் பிடித்துக்கொள்கிறது, மருந்து செயலிழக்கிறது. 2009-இல் அமெரிக்காவின் தெற்கு கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செல்களிலும் எலிகளிலும் இதைக் காட்டினார்கள். அவர்களே ஓர் எச்சரிக்கையையும் சேர்த்துச் சொன்னார்கள்: மருந்து செயலிழந்தால் அதன் பக்கவிளைவும் குறையும்; நோயாளி தெம்பாக உணர்வார்; அந்தத் தெம்பே மேலும் மேலும் தேயிலைச் சாற்றை எடுக்கத் தூண்டும்.

உங்கள் மனைவிக்கு அதுதான் நடந்திருக்கிறது என்று ஒரு கடிதத்தை வைத்துக்கொண்டு நான் முடிவு கட்ட மாட்டேன். அசதியும் எரிச்சலும் வாரத்துக்கு வாரம் கூடிக் குறைவது இயல்பு. ஆனால் ‘பக்கவிளைவு குறைந்ததே மாத்திரை வேலை செய்வதற்கு அத்தாட்சி’ என்று விற்றவர் சொன்னதை ஒருபோதும் நம்ப வேண்டாம். மருந்து வேலை செய்கிறதா என்பதை உடம்பின் தெம்பை வைத்துச் சொல்ல முடியாது. மைலோமா செல்கள் இரத்தத்தில் சுரக்கும் எம் புரதத்தின் அளவை வைத்துத்தான் சொல்ல வேண்டும். மாத்திரை தொடங்குவதற்கு முன் எடுத்த அறிக்கையையும் இனி எடுக்கப்போகும் அறிக்கையையும் மருத்துவர் ஒப்பிட்டுப் பார்ப்பார்.

நேர்மையாகச் சொல்ல வேண்டிய மறுபக்கமும் இருக்கிறது. 2011-இல் வெளியான வேறோர் எலி ஆய்வில், உணவாகவோ சாதாரணச் சத்து மாத்திரையாகவோ எடுத்துக்கொண்டால் இரத்தத்தில் சேரக்கூடிய அளவுகளில் இந்தத் தடை காணப்படவில்லை; மிக அதிக அளவில்தான் காணப்பட்டது. உங்கள் மகன் இதையும் தேடிப் படித்துவிட்டு ‘அப்போது பயமில்லையே’ என்று கேட்கலாம். அங்கேதான் ‘மாடிஃபைடு’ என்ற சொல் குறுக்கே வருகிறது.

மூலக்கூறை ஏன் மாற்றுகிறார்கள்?

தேநீரில் உள்ள ஈஜிசிஜி, ஆய்வகக் கண்ணாடித் தட்டில் பல வகைப் புற்றுநோய்ச் செல்களின் வளர்ச்சியைத் தடுக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தச் சோதனைகளில் பயன்படுத்தும் செறிவு பெரும்பாலும் 20 முதல் 100 மைக்ரோமோலார். இரண்டு மூன்று கோப்பை கிரீன் டீ குடித்த ஒருவரின் இரத்தத்திலோ அது பொதுவாக ஒரு மைக்ரோமோலாருக்கும் கீழேதான் இருக்கிறது. குடலின் காரத்தன்மையில் அது சிதைகிறது. குடல் சுவரைக் கடந்த சிறு பங்கையும் செல்கள் திருப்பி வெளியேற்றுகின்றன. எஞ்சியதைக் கல்லீரல் மீத்தைல், குளுக்குரோனைடு, சல்ஃபேட் தொகுதிகளை ஒட்டி வெளியேற்றத்துக்குத் தயார் செய்துவிடுகிறது. எட்டு ஹைட்ராக்சில் தொகுதிகளைச் சுமக்கும் மூலக்கூறு அது. அதன் வீரியமும் அந்த எட்டில்தான், பலவீனமும் அந்த எட்டில்தான்.

ஆகவே வேதியியலாளர்கள் அந்த எட்டையும் தற்காலிகமாக மூடிவிடும் வழியைத் தேடினார்கள். எட்டு இடங்களிலும் அசிட்டைல் தொகுதியை ஏற்றினால் மூலக்கூறு எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையாது, செல் சவ்வையும் சுலபமாகக் கடக்கும். உள்ளே போனதும் எஸ்டரேஸ் நொதிகள் அந்த மூடிகளைக் கழற்றிவிட, பழைய ஈஜிசிஜி முன்னைவிட அதிக அளவில் கிடைக்கும். 2006-இல் செல்களிலும் எலிகளிலும் செய்த ஆய்வு இது பலிக்கிறது என்று காட்டியது. பிறகு மார்பகப் புற்றுநோய்ச் செல்களைச் சுமந்த எலிகளிலும் கட்டியின் வளர்ச்சி குறைந்தது. கொழுப்பு அமிலச் சங்கிலி ஒட்டுவது, ஃபுளோரின் சேர்ப்பது, கைட்டோசான் நானோ துகளுக்குள் அடைப்பது என்று வேறு வழிகளும் ஆராயப்படுகின்றன. இவற்றில் எதுவும் இன்றுவரை புற்றுநோய் மருந்தாக ஒப்புதல் பெறவில்லை.

இப்போது உங்கள் வீட்டுக் கணக்குக்கு வாருங்கள். அந்த 2011 எலி ஆய்வு தந்த ஆறுதல் எதை நம்பி நிற்கிறது? சாதாரண ஈஜிசிஜி இரத்தத்தில் குறைவாகவே சேர்கிறது என்பதை நம்பி. மூலக்கூறை மாற்றுவதன் நோக்கமோ அதை அதிகமாகச் சேர வைப்பதுதான். அசிட்டைல் மூடி இருக்கும்வரை போரானால் பிடிக்க முடியாத அந்த ஜோடிகள், மூடி கழன்றதும் மீண்டும் வெளிப்பட்டுவிடும். மாற்றம் எவ்வளவு வெற்றிகரமோ, போர்டிசோமிப் எடுப்பவருக்கு அவ்வளவு கவலை. வேறு சிகிச்சையில் இருக்கும் ஒருவருக்கு ஒருநாள் இது உதவக்கூடும். உங்கள் மனைவியின் இப்போதைய சிகிச்சையோடு இது சேராது.

இயற்கைப் பொருளை மாற்றி மருந்தாக்குவது வீண்வேலை என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். கேம்ப்டோதெசின் என்ற பொருளை 1966-இல் ஒரு சீன மரத்திலிருந்து பிரித்தெடுத்தார்கள்; நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஒரு மரத்திலும் அது உண்டு. தண்ணீரில் கரையாத அதை உப்பாக மாற்றி நோயாளிகளுக்குக் கொடுத்தபோது சிறுநீர்ப்பை புண்ணாகி இரத்தம் கசிந்தது, சோதனைகள் நின்றன. அதன் மூலக்கூறில் வேறொரு தொகுதியை இணைத்து உருவான இரினோடெகான் 1996-இல்தான் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இன்று பெருங்குடல் புற்றுநோய்க்கு அன்றாடம் பயன்படும் மருந்து. இடையில் கழிந்தவை முப்பது ஆண்டுகள். அந்த முப்பது ஆண்டுகளில் செய்த வேலையைத்தான் உங்களிடம் பணம் வாங்கியவர் செய்யாமல் தாண்டியிருக்கிறார்.

பாட்டிலின் பின்பக்கம்

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முன்பக்கத்தில் ‘அட்வான்ஸ்டு’ என்று தங்க நிற எழுத்து. பின்பக்கத்தில், மாத்திரை ஒன்றுக்குக் கிரீன் டீ சாறு 500 மில்லிகிராம், அதில் ஈஜிசிஜி 50 சதவீதம் என்று இருக்கிறது. எந்தத் தொகுதியை, எந்த இடத்தில், எப்படி மாற்றினார்கள் என்பதற்கு ஒரு சொல்கூட இல்லை. அடியில், உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணுக்குப் பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய எழுத்தில் ‘மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அல்ல’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். அந்த வாசகத்தை அச்சிட வேண்டும் என்பது விதி. அதை வாங்குபவர் படிக்காமல் பார்த்துக்கொள்வது விற்பவரின் சாமர்த்தியம்.

இதிலிருந்து இரண்டில் ஒன்றுதான் உண்மையாக இருக்க முடியும். உள்ளே இருப்பது சாதாரணத் தேயிலைச் சாறு என்றால் விளம்பரம் பொய். உண்மையிலேயே மாற்றிய மூலக்கூறு என்றால், அது 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனைகள் விதிகளின்படி ஒரு புதிய மருந்து. மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஒப்புதல் இல்லாமல் உணவுப் பொருள் என்ற பெயரில் அதை விற்க முடியாது.

சாதாரணச் சாறாகவே இருந்தாலும் அளவைப் பாருங்கள். மாத்திரைக்கு 250 மில்லிகிராம் ஈஜிசிஜி, நாளுக்கு நான்கு, ஆக 1,000 மில்லிகிராம். ஒரு கோப்பை கிரீன் டீயில் ஏறத்தாழ 50 முதல் 100 மில்லிகிராம்தான் இருக்கும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் எல்லா ஆய்வுகளையும் பரிசீலித்து, சத்து மாத்திரையாக நாளுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் எடுத்தால் கல்லீரல் நொதிகள் உயர்கின்றன என்று கண்டது. அமெரிக்காவின் மினசோட்டாவில் மாதவிடாய் நின்ற 1,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம், நாளுக்கு 843 மில்லிகிராம் ஈஜிசிஜி கொடுத்து ஓராண்டு நடத்திய சோதனையில், சாறு எடுத்தவர்களில் 100-க்குச் சுமார் 5 பேருக்குக் கல்லீரல் பரிசோதனையில் குறிப்பிடத்தக்க மாறுதல் ஏற்பட்டது. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 100-க்கு ஒருவருக்கும் குறைவு. வெறும் வயிற்றில் எடுக்கும்போது உறிஞ்சப்படும் அளவு கூடுவதால் ஆபத்தும் கூடுகிறது. விற்றவர் சொன்ன ‘வெறும் வயிற்றில்’ என்ற அந்த யோசனைதான் இருப்பவற்றில் மிக மோசமானது. குமட்டலுக்குக் காரணம் இதுவா, லெனலிடோமைடா, வேறேதாவதா என்பதை கல்லீரல் பரிசோதனையில் வரும் எஸ்ஜிபிடி, பிலிருபின் அளவுகளைப் பார்த்தால் ஓரளவு தெரிந்துவிடும்.

‘டீதானே, என்ன செய்துவிடும்’ என்று உங்கள் மைத்துனர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். டீக்கடையில் குடிக்கும் பால் டீயில் ஈஜிசிஜி மிகக் குறைவு. இலையைக் கறுப்புத் தேயிலையாக்கும்போதே அதன் பெரும்பகுதி நொதிகளால் தியாஃபிளேவினாகவும் வேறு பொருட்களாகவும் மாறிவிடுகிறது. உங்கள் மனைவி வழக்கமாகக் குடிக்கும் காலை டீயை நான் தடுக்க மாட்டேன்; ஆவி பறக்கக் குடிக்காமல் சற்று ஆறவிட்டுக் குடிக்கட்டும். கிரீன் டீயையும், அதிக அளவு வைட்டமின் சி மாத்திரைகளையும் போர்டிசோமிப் முடியும்வரை தவிர்ப்பது நல்லது. வைட்டமின் சியும் இந்த மருந்தின் வேலையைக் குறைப்பதாக ஆய்வகச் சான்று உண்டு.

ஊசியை நிறுத்தலாமா?

கூடாது. மைலோமா வலியில்லாமல் வளரக்கூடியது. மூன்று மாதத்தில் சிறுநீரகத்தையும் முதுகெலும்பையும் அது என்ன செய்யும் என்பதை யாராலும் உத்தரவாதமாகச் சொல்ல முடியாது.

ஆனால் உங்களை இந்த எண்ணத்துக்குத் தள்ளிய கால் எரிச்சல் கற்பனை அல்ல. அதைப் பொறுத்துக்கொண்டு போக வேண்டியதும் இல்லை. போர்டிசோமிப் நரம்பு நுனிகளைப் பாதிப்பது நன்கு அறியப்பட்ட விளைவு. மருத்துவரிடம் விவரமாகச் சொன்னால் ஊசியின் அளவைக் குறைப்பார், இடைவெளியைக் கூட்டுவார், வலி இருந்தால் அதற்குத் தனி மாத்திரை தருவார், தேவைப்பட்டால் வேறு மருந்துக்கே மாற்றுவார். இரவில் தூக்கம் கெடுகிறதா, செருப்பு காலிலிருந்து நழுவுவது தெரியாமல் நடக்கிறாரா, புடவைக்கு ஊக்கு குத்த விரல் தடுமாறுகிறதா என்பவற்றை எழுதிக்கொண்டு போங்கள். ‘கொஞ்சம் எரியுது டாக்டர்’ என்று மட்டும் சொன்னால், நூறு பேர் வரிசையில் நிற்கும் புறநோயாளிகள் பிரிவில் அது காதில் விழாமலே போய்விடும்.

மருத்துவர் கோபிப்பாரா? ஒருவேளை முகம் சுளிக்கலாம். ஆனால் வேறு மாத்திரை எடுத்தீர்கள் என்ற காரணத்துக்காகச் சிகிச்சையைக் கைவிட மாட்டார். சொல்லாமல் விட்டால்தான் சிக்கல்: எம் புரதம் குறையாததைப் பார்த்து, நோய் மருந்துக்குக் கட்டுப்படவில்லை என்று கருதி, வேலை செய்துகொண்டிருந்திருக்கக்கூடிய ஒரு சிகிச்சையை அவர் மாற்றிவிடலாம். மாத்திரை தொடங்கிய தேதி, அளவு, நிறுத்திய தேதி ஆகிய மூன்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். பேச்சுக்கு நடுவே அந்த அம்மாவையும் பேசவிடுங்கள். கடிதம் முழுவதிலும் அவர் என்ன விரும்புகிறார் என்பது ஓரிடத்திலும் இல்லை.

மகனுக்கு

தம்பியின் ஆர்வத்தை நான் மதிக்கிறேன். அசிட்டைல் ஏற்றம் மாணவர் ஆய்வகத்தில் செய்யும் எளிய வினைதான் என்பதும் சரி. ஆனால் வினை நடப்பது ஒன்று, மனிதருக்குக் கொடுக்கத் தகுந்த பொருள் கிடைப்பது வேறொன்று. எட்டு இடங்களில் ஆறோ ஏழோ மட்டும் ஏறிய கலவை, முழுவதும் நீங்காத பிரிடின் கரைப்பான், கருவிகளில் ஒட்டியிருக்கும் முந்தைய மாணவரின் சோதனைப் பொருள் எல்லாம் அதில் இருக்கும். நோய் எதிர்ப்பு குன்றியிருக்கும் தாயின் உடம்பு அதற்குச் சோதனைக்கூடம் ஆகக் கூடாது. அந்த வினைக்குத் தேவைப்படும் அசிட்டிக் அன்ஹைட்ரைடு, போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் கட்டுப்படுத்தப்பட்ட வேதிப்பொருள் என்பதையும் நினைவூட்டுகிறேன். கல்லூரிக் கணக்கில் உள்ளதை வீட்டுத் தேவைக்கு எடுப்பது அவருடைய படிப்பையே பாதிக்கும். இந்தத் துறையில் உண்மையான விருப்பம் இருந்தால் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் புதுச்சேரியில் மத்தியப் பல்கலைக்கழகமும் பக்கத்திலேயே இருக்கின்றன. முறையான வழிகாட்டியிடம் சேரட்டும்.

தேயிலையிலிருந்து மருந்தே வரவில்லையா என்று அவர் கேட்டால், வந்திருக்கிறது: ஈஜிசிஜி உள்ளிட்ட, கேட்டசின்கள் எனப்படும் தேயிலைப் பொருட்களைக் கொண்ட ஒரு களிம்பு 2006-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. பிறப்புறுப்பு மருக்களுக்கு மேலே பூசுவதற்கு மட்டும்.

உங்கள் உரிமைகள்

யாராவது ‘இது ஆராய்ச்சி மருந்து, சோதனையில் சேருங்கள்’ என்று அழைத்தால், இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டின் இணையதளத்தில் அந்தச் சோதனையின் பதிவு எண்ணைத் தேடுங்கள்; 2009 ஜூன் முதல் பதிவு கட்டாயம். நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும், உங்களுக்குப் புரியும் மொழியில் ஒப்புதல் படிவமும் இருக்க வேண்டும். சோதனையால் பாதிப்பு ஏற்பட்டால் இலவசச் சிகிச்சையும் இழப்பீடும் பெற உரிமை உண்டு. எப்போது வேண்டுமானாலும் விலகலாம். சோதனை மருந்துக்கு உங்களிடமே பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் தடை செய்கிறது. மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடமும் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடமும் புகார் தரலாம். பணத்தைத் திரும்பப் பெற 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். தேவைப்பட்டால் விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். இதற்கெல்லாம் அவசரமில்லை, முதலில் கல்லீரல் அறிக்கை வரட்டும். கோபத்தில் பாட்டிலைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். மீதி மாத்திரைகளோடும் பணம் கட்டிய ரசீதோடும் அடுத்த ஊசி நாளன்று மருத்துவரிடம் எடுத்துச் சென்று காட்டுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த அந்தத் தகவலையும் அழிக்காமல் வைத்திருங்கள், புகாருக்கு அவைதான் சான்று.